மணிக்கட்டில் ஒரு சிவப்புத் துணி

நேற்று, வியாழக்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு உறுதியான தகவல்: என் வலது மணிக்கட்டில் எலும்பு கூடத் தொடங்கிவிட்டது. சொன்னவர், ஆறு வாரத்துக்கு முன் அந்தக் கையை அறுத்துத் தகடு வைத்த மருத்துவர். அவர் திரையில் காட்டிய எக்ஸ்ரே படத்தை நானும் பார்த்தேன். தகடு வைத்த இடத்திலேயே இருக்கிறது. திருகாணிகள் அசையவில்லை. முறிந்த கோட்டின் மேல், கண்ணாடியில் மூச்சு விட்டது போல ஒரு வெளுப்பு. அதுதான் புது எலும்பாம்.

உனக்குத்தான் முதலில் சொல்லத் தோன்றியது. நீ இருந்திருந்தால் "சரி பேப்பரு, அப்பால?" என்று கேட்டிருப்பாய். பத்திரிகை நிருபன் என்பதால் உனக்கு நான் பேப்பரு. எந்தச் செய்தியைக் கொண்டுவந்தாலும் உன் கேள்வி அதுதான். அப்பால என்ன என்பது இன்னும் முழுதாகத் தெரியவில்லை. தெரிந்த வரைக்கும் எழுதுகிறேன். இடது கட்டைவிரலால் கைப்பேசியில் தட்டுகிறேன், ஒரு பத்திக்கு அரை மணி நேரம் ஆகிறது.

எக்ஸ்ரே அறைக்கு வெளியே நேற்று நல்ல கூட்டம். வலது கையை மார்போடு அணைத்து, அந்தப் பக்கத்தைச் சுவருக்குக் கொடுத்து நின்றிருந்தேன். மணிக்கட்டுப் பட்டைக்கு மேல் உன் சிவப்புத் துணி. தள்ளுவண்டியோடு வந்த ஊழியர் அதைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இன்னா பெரிசு, கையில கொடி கட்டிகினு கீற? எந்தக் கட்சி?"

"லாரிக் கட்சி."

அவர் ஒரு நொடி யோசித்தார். பிறகு சிரித்தபடி வண்டியை எதிர்ச்சுவர் ஓரமாக ஒதுக்கி, என்னைச் சுற்றிக்கொண்டு போனார். எண்ணூர் சாலையில் நடந்து பழகியவராகத்தான் இருக்க வேண்டும்.

ராயபுரத்தில் வீட்டுக்கு வந்து துணியை அவிழ்த்தபோது அந்த வாடை வந்தது. கிரேனின் கம்பி வடத்துக்குப் பூசும் கிரீஸ். ஆறு வருடம் என் பழைய குறிப்பேடுகளின் கட்டுக்குள் கிடந்த துணி. போன மாதம் என் மனைவி அதை எடுத்து இரண்டு முறை சோப்புப் போட்டு அலசினாள். வாடை போகவில்லை. கழுவிய பிறகும் வந்த அந்த வாடைக்குப் பின்னால் நீ வந்தாய்.

உன்னைத் தெரியாத யாராவது இதைப் படித்தால் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில் ஒரு சரக்கு யார்டில் நீ சிக்னல்மேன். கிரேன் ஆபரேட்டர் தேவராஜ் உயரத்தில், கண்ணாடிக் கூண்டில் இருப்பார். கொக்கி இறங்கும் இடம் பல நேரம் அவருக்குத் தெரியாது, கன்டெய்னர் அடுக்கு மறைத்துக்கொள்ளும். அவருக்குத் தெரிவது அடுக்கின் மூலையில் நிற்கும் உன் வலது கை ஒன்றுதான். ஆள்காட்டி விரல் வானத்தைப் பார்த்துச் சுழன்றால் ஏற்று. தரையைப் பார்த்துச் சுழன்றால் இறக்கு. உள்ளங்கை காற்றை அமுக்கினால் மெதுவாக. விரல்கள் மடங்கி முஷ்டியானால் நிறுத்து, அப்படியே பிடி. பன்னிரண்டு டன் இரும்பு, உன் ஒரு விரல் சொல்வதைக் கேட்டு அந்தரத்தில் நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் முதல் முறை போலத்தான் பார்த்தேன்.

நாம் சந்தித்ததும் அந்த யார்டு வாசலில்தான். லாரிகள் நகராமல் நின்ற ஒரு நாள், டீக்கடையில் உன்னிடம் விசாரித்துக் குறித்துக்கொண்டிருந்தேன். நீ கிளாஸை வைத்துவிட்டுக் கேட்டாய்.

"நான் சொன்னத எழுதிகினியே, இன்னா எழுதின? படி."

படித்தேன்.

"நாப்பது லாரின்னு எப்ப சொன்னேன்? நாப்பதுக்கு மேலன்னேன். அடிச்சிட்டு எழுது நைனா. நான் ஒரு இஞ்ச் தப்பாக் காட்டினா ஒருத்தன் கால் போயிடும். நீ மட்டும் குத்துமதிப்பா எழுதுவியா?"

என் செய்தி ஆசிரியர்கள் யாரும் என்னை அப்படிப் பிடித்ததில்லை. அன்றிலிருந்து நீ சொன்னதை உனக்கே படித்துக்காட்டுவது வழக்கமாகிவிட்டது. நீ திருத்தாமல் விட்ட பக்கம் அரிது. இதை ஏன் சொல்கிறேன் என்பது கடைசியில் தெரியும்.

நீ விழுந்தது ஒரு மழை நாளில். டிரெய்லர் மேலிருந்து இறங்கும்போது கால் வழுக்கி, வலது உள்ளங்கையைத் தரையில் ஊன்றினாய். நான் விழுந்தது காசிமேட்டில், மீன் ஏலக்கூடத்துக்கு முன்னால், ஐஸ் கரைந்த தண்ணீரில். ஊன்றியதும் அதே உள்ளங்கை. விழுகிற நேரத்தில் கை யாரையும் கேட்காமல் முன்னால் போய் உடம்பைத் தாங்கிவிடுகிறது. அதன் பிறகு மாதக்கணக்கில் உடம்பு அந்தக் கையைத் தாங்க வேண்டியிருக்கிறது.

அறுவை முடிந்து நீ வீட்டுக்கு வந்த வாரம் எம்.கே.பி. நகருக்கு வந்தேன். மூன்றாவது மாடி. கட்டிலில் மூன்று தலையணை அடுக்கி, அதன் மேல் கையை ஒரு விருந்தாளி போல உட்கார வைத்திருந்தாய். நான் எதுவும் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்தாய்.

"கிட்ட வராத. வர்றவன்லாம் 'இன்னா மாமு ஆச்சு'ன்னு கேட்டுகினே கையப் புடிக்கிறான். கேக்குறதுக்கு வாய் போதாதா? கை எதுக்கு?"

உன் மனைவி டீயைக் கொண்டுவந்து வைத்தபடி, "நேத்து கட்டு மாத்தப் போனோம்ணா. பஸ்ல ஒருத்தன் கம்பின்னு நெனச்சி இவரு கையப் புடிச்சித் தொங்கிட்டான்" என்றார்.

"நான் போட்ட சத்தத்துல டிரைவர் பிரேக் அடிச்சிட்டாரு. அந்த பிரேக்குல இன்னும் நாலு பேரு வந்து எம்மேல வுழுந்தான்."

சிரிக்கக் கூடாது என்று நினைத்தேன். நீதான் முதலில் சிரித்தாய். சிரித்ததும் கை அதிர்ந்து, "யம்மா" என்று கண்ணை மூடிக்கொண்டாய். சிரிப்பு கூட மணிக்கட்டில் போய் முடியும் என்பது அன்று எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். தும்மலும் அங்கேதான் போகிறது.

கண்ணைத் திறந்தவன் கொஞ்ச நேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு கேட்டாய்: "பேப்பரு, லாரியில கம்பி வெளிய நீட்டிகினு கீதுன்னா பின்னால இன்னா கட்டுவோம்?"

"சிவப்புத் துணி."

"அத்த எடு" என்று மனைவியிடம் சொன்னாய். ஆணியில் தொங்கிய உன் வேலைப் பையில் இருந்தது அது. ஒரு முழத் துணி, ஓரம் கிழிந்து, கிரீஸ் படிந்தது. உன் மனைவி அதைக் கட்டுக்கு மேல் தளர்வாகச் சுற்றி, வால் தொங்க விட்டார்.

அடுத்த முறை உன்னோடு சுங்கச்சாவடியிலிருந்து தேரடி வரைக்கும் நடந்தேன். ஒருவர் கையும் உன் மேல் படவில்லை. கூடைக்காரிகள் ஒதுங்கினார்கள், சைக்கிள்கள் வளைந்து போயின. ஒரு டிரெய்லர் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்துத் தலையை வெளியே நீட்டினார்.

"லோடு இன்னா டன்னு நைனா?"

"மூணு கிலோதான் மாமு! ஆனா ஒடஞ்ச சாமான்!"

அந்தச் சாலையில் நீளமும் பாரமும் உள்ள எதற்கும் ஒரு முழம் சிவப்புக்கு மேல் காவல் கிடையாது. அதை உன் உடம்புக்கே கட்டிக்கொள்ளலாம் என்று உனக்குத்தான் தோன்றியது.

ஆனால் உன் பயம் அடிபடுவதைப் பற்றியது அல்ல. அதைத் தேரடி டீக்கடையில் சொன்னாய். மூன்று மாதத்துக்குப் பிறகு யார்டில் ஒரு லோடு கொடுத்துப் பார்ப்பார்கள். கை சொன்னபடி திரும்பினால் பழைய இடம். இல்லையென்றால் வாசல் கூண்டில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுத வேண்டும். சூப்பர்வைசர் நல்ல மனிதர், மரியாதையாகத்தான் சொல்லியிருந்தார்.

"கேட்டுல ஒக்காந்து எழுதுறது கலீஜ் வேல இல்ல பேப்பரு. நீயே அத்தான் பண்ற. ஆனா இருவது வருசமா அந்த ஆளு மேல இருந்து எங்கையத்தான் பாத்துகினு இருக்காரு. வேற கை வந்து நின்னா அவருக்கு பேஜாரு. எனக்கும்தான்."

அந்த மூன்று மாதத்தில் நீ அந்தக் கையை வைத்துக்கொண்ட விதத்தை நான் வேறு எவரிடமும் பார்த்ததில்லை. தண்ணீர் டம்ளரைக்கூட அது தூக்கவில்லை. இடது கையில் ஸ்பூனால் சாப்பிட்டாய். லுங்கி முடிச்சு போட முடியாமல் பெல்ட் கட்டினாய். கல்யாண வீட்டில் தாம்பூலப் பையை நீட்டியவரிடம், "மன்னிச்சிக்கங்க, வலது கை லீவுல கீது" என்று சொல்லி இடது கையால் வாங்கினாய். குளிக்கும்போது உன் மனைவி பால் கவரைக் கையில் மாட்டி ரப்பர் பேண்டு போடுவார். எல்லா வேலையிலிருந்தும் காப்பாற்றிய அந்தக் கைக்குத் தினமும் காலையில் ஒரே ஒரு வேலை கொடுத்தாய். மொட்டை மாடியில், கொடியில் காயும் புடவைக்கு நேராக நின்று, விரலைச் சுழற்றுவது. மருத்துவர் அனுமதித்த அளவுக்கு மேல் ஒரு சுற்றுகூட இல்லை. உன் மனைவி தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்து "ஏத்து... எறக்கு... மெதுவா..." என்று சொல்வார். "நிறுத்து" என்று சொல்லும்போது மட்டும் முஷ்டி முழுதாக மூடாது. ஒரு விரல் கனத்துக்கு இடைவெளி நிற்கும். "ஆயிடும், ஆயிடும்" என்பாய்.

சோதனைக்கு முந்தைய நாள் என்னைக் கூப்பிட்டாய். "நாளைக்கி வந்து நில்லு. பேப்பர்ல போட வேணாம். உன் நோட்டுல எழுது. நடந்தத நடந்த மாதிரி."

"எதுக்கு?"

"சரியா வந்தாலும், வராங்காட்டியும், அப்பால ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவான். ஒரு எடத்துலயாவது கரீக்டா இருக்கட்டும்."

அந்தக் குறிப்பேடு இப்போது என் மடியில் இருக்கிறது. முதல் வரி: "ராத்திரி மழை. யார்டு ஈரம்." இரண்டாவது: "லோடு: டிரான்ஸ்ஃபார்மர். டிரெய்லர் மேல் இறக்க வேண்டும்." நான் மஞ்சள் கோட்டுக்கு வெளியே, தலையில் அவர்கள் கொடுத்த ஹெல்மெட்டோடு நின்றேன். நீ உன் மூலையில் போய் நின்றாய். கையை உயர்த்தினாய். விரல் சுழன்றது.

கிரேன் அசையவில்லை.

மறுபடி காட்டினாய். அசையவில்லை. உன் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். சூப்பர்வைசர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவது முறை காட்டினாய். மேலே கூண்டின் கதவு திறந்தது. தேவராஜின் குரல் யார்டு முழுக்கக் கேட்டது.

"யோவ்! விரலு ஏத்துங்குது, மணிக்கட்டு நிறுத்துங்குது! நான் எந்த சிக்னலப் பாக்க?"

அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. உன் கையில் சிவப்புத் துணி. சிவப்பு தெரிந்தால் கொக்கி அசையக் கூடாது என்பது அந்த யார்டின் முதல் விதி. புது ஆட்களுக்கு அதை நீயே எத்தனை முறை சொல்லியிருக்கிறாய்! மூன்று மாதப் பழக்கத்தில் துணி உன் தோலாகிவிட்டது. கட்டியிருப்பதே உனக்கு மறந்துபோயிருந்தது. தலைச்சுமை ஆட்கள் சிரித்தார்கள். சூப்பர்வைசர்கூடச் சிரித்தார். நீ சிரிக்கவில்லை.

பல்லால் முடிச்சை இழுத்தாய். துணி வந்தது. அதற்குக் கீழே இருந்த பட்டையின் ஒட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அதையும் கழற்றினாய். அந்தக் கையை நான் கட்டில்லாமல் பார்த்தது அன்றுதான். மெலிந்து, வெளுத்து, உள்பக்கம் நீளமாக ஒரு தழும்பு. இரண்டையும் என்னிடம் நீட்டி "புடி" என்றாய்.

பிறகு நடந்ததை நேரப்படி எழுதியிருக்கிறேன். பதினொன்று இருபத்தெட்டு: லோடு தரையை விட்டது. முப்பத்தொன்று: அடுக்குக்கு மேல். முப்பத்தைந்து: டிரெய்லருக்கு நேராக. அங்கிருந்து அதை இறக்கிய ஐந்து நிமிடத்தைக் குறிப்பேட்டில் ஒரே வரியில் முடித்துவிட்டேன், ஏனென்றால் எழுத மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு பெரிய சாமான், உன் சுட்டு விரலின் நுனி அசைந்த அளவுக்குத்தான் அசைந்தது. நீ உள்ளங்கையால் காற்றை அமுக்கியபோது ஒரு வீடு அளவு இரும்பு தயங்கியது. மரக்கட்டைக்கும் அதற்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளி இருந்தபோது நீ விரல்களை மடக்கினாய். முழுதாக. இடைவெளியே இல்லாமல். லோடு நின்றது, ஒருமுறைகூட ஆடவில்லை. பிறகு அந்தக் கடைசித் தாள் அளவும் சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

நான் எழுதினேன்: "11.40. லோடு டிரெய்லரில். முஷ்டி மூடியது. கண்ணில் தூசி. கண்ணீர்."

டீக்கடையில் வழக்கம்போல, "இன்னா எழுதின? படி" என்றாய். படித்தேன். கடைசி வரி வந்ததும் நீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"சரியா?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும் பேப்பரு. தூசின்னே இருக்கட்டும்."

திங்கட்கிழமையிலிருந்து உன் மூலை உனக்கே கிடைத்தது. பட்டையை அன்றே திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டாய். சிவப்புத் துணி என் பையிலேயே தங்கிவிட்டது. நீ கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

நான்கு வருடம் அந்த மூலையில் நின்றாய். இரண்டு வருடத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மார்பு வலிக்கிறது என்று உட்கார்ந்தவன் எழவில்லை. மூலக்கொத்தளத்தில் நான்கு பேர் கயிற்றைப் பிடித்து உன்னை இறக்கினார்கள். ஈர மண், கயிறு ஒரு பக்கம் தாழ்ந்தது. அப்போது குழியின் தலைமாட்டில் நின்ற தேவராஜ் தன்னை அறியாமல் கையை நீட்டினார். உள்ளங்கை கீழே பார்த்து, காற்றை மெல்ல அமுக்கியது. மெதுவாக. கயிற்றுக்காரர்கள் நிமிர்ந்து அந்தக் கையைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு கயிறு தாழவில்லை. நீ தரையைத் தொட்டதும் அவர் முஷ்டியை மூடினார். இருபது வருடத்துக்கு மேல் உன் கைக்குக் கீழ்ப்படிந்த மனிதர் அவர். அன்று நான் குறிப்பேடு கொண்டுபோகவில்லை.

இப்போது என் கைக்கு வருகிறேன். போன வாரம் உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் என் எதிரே உட்கார்ந்து, "முஷ்டி மூடுங்க சார்" என்றார். முயன்றேன். விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. "இன்னும் கொஞ்சம்" என்றார். இன்னும் கொஞ்சம் மடக்கினேன். மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும் ஒரு கம்பி இழுபட்டது. முதுகில் வியர்த்தது. என்ன நடக்கிறது என்று தெரிவதற்கு முன் கன்னம் நனைந்திருந்தது. அவர் காகிதக் கைக்குட்டையை என் பக்கம் தள்ளினார். குளிரூட்டிய அறை. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. துடைத்துப் பளபளவென்று வைத்த தரை. அந்த அறையில் தூசி இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் குறிப்பேட்டை எடுக்கச் சொன்னேன். அதே பக்கம். கடைசி வரியில் தூசி. முதல் வரியில் என் கையெழுத்திலேயே, "ராத்திரி மழை. யார்டு ஈரம்." நாற்பது லாரியை விடாதவன் நீ. இதை விட்டாய். ஒரே பக்கத்தில் இரண்டு வரி ஒன்றையொன்று மறுப்பதை முப்பத்தைந்து வருடம் செய்தி எழுதியவன் ஆறு வருடமாகப் பார்க்கவில்லை.

ஒரு தரப்பை மட்டும் வைத்து எழுதக் கூடாது. தேவராஜுக்குப் போன் செய்தேன். ஓய்வு பெற்று மணலியில் இருக்கிறார்.

"தூசியா? அன்னிக்கி சேறு சார். நான் கூண்டுலருந்தே பாத்தேன். மூடும்போது மூஞ்சி அப்படியே கோணிப்போச்சி. ஒதடெல்லாம் நடுங்கிச்சி."

"கை?"

"கை நடுங்கல சார். ஒரு துளி நடுங்கியிருந்தா நான் எறக்கியிருக்க மாட்டேன். அது அவனுக்கும் தெரியும். மூஞ்சிதான் நடுங்கிச்சி, கை நடுங்கல. அது எப்பிடி சார் முடியும்?"

ஒரு பென்சிலை உருட்டும்போதே முகத்துக்கு முந்திக்கொண்டு என் கை நடுங்கிவிடுகிறது. மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் என்று மருத்துவர் சொன்னார். அந்த எட்டுக்கும் உன் முகத்துக்கும் நடுவே எங்கோ ஒரு கதவைச் சாத்தி வைத்திருந்தாய். வலியை இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, கையை மட்டும் அந்தப் பக்கம் வேலைக்கு அனுப்பினாய். தூசி என்று நான் எழுதியதை ஏன் விட்டாய் என்பதும் இப்போது தெரிகிறது. அந்தக் குறிப்பேட்டை யாராவது பிரித்து, வலித்தது என்று படித்தால், மறுநாளே வாசல் கூண்டு. இன்று உன்னை எந்தக் கூண்டிலும் உட்கார வைக்க முடியாது. ஆகவே திருத்தலாம்.

நிலுவையில் இருப்பது அது ஒன்றுதான். "கண்ணில் தூசி" என்பதை அடித்து, மேலே "வலி. கை நடுங்கவில்லை. ஆதாரம்: ஆபரேட்டர்" என்று எழுத வேண்டும். இடது கையால் கிறுக்கலாம், மனைவியை எழுதச் சொல்லலாம். வேண்டாம். தவறாக எழுதிய கைதான் திருத்த வேண்டும். நேற்றைய நிலவரப்படி விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. அது போனால் பேனாவைத் தருவதாக அந்தப் பெண் சொல்லியிருக்கிறார். அடுத்த வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பார்ப்பார். அதுவரை துணி கட்டியே இருக்கும். அன்று அதைப் பல்லால் அவிழ்த்து, பிடித்துக்கொள்ளச் சொல்லி மனைவியிடம் நீட்டுவேன்.